மீசைக்காசின் மேல் ஒரு கோடு

முப்பத்தேழாம் பக்கத்தில் மூன்றாவது படத்துக்குக் கீழே இருந்த வரியை மீட்டர்காரர் முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை படித்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தும் கரப்பான்பூச்சி அளவுக்கு வீங்கித் தெரியும்படி இன்னொரு முறை படித்தார். எப்படிப் படித்தாலும் வரி மாறுவதாக இல்லை. ‘முன்பக்கத்தில் ஆழமான கீறல். மற்றபடி சுமாரான நிலை.’

அடுத்து அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்து, யோசித்து, அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. சமையலறையிலிருந்து அவர் மனைவி தலையை மட்டும் நீட்டினார்.

“யாரு செத்தது?”

“சாகடிச்சிட்டான்டி! முப்பத்தோரு வருஷத்தை ஒரே வரியில சாகடிச்சிட்டான்!”

“சரி, டீ ஆறுது. குடிச்சிட்டு அழுங்க.”

மின்சார வாரியத்தில் முப்பத்துநாலு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவர் அவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், எட்டுக்கால் பூச்சி குடித்தனம் நடத்தும் பெட்டிக்குள் என்று எங்கே மீட்டர் இருந்தாலும், அரைக்கண் பார்வையில் எண்ணைச் சொல்லிவிடுவார். அவர் படித்த எண் தப்பு என்று ஒரு புகார், ஒரே ஒரு புகார், முப்பத்துநாலு வருடத்தில் வந்ததில்லை. அதை அவர் பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்வார். பேச்சுவாக்கில் என்றால் ஒரு நாளைக்கு நாலு தடவை.

அப்படிப்பட்டவர் படித்ததைத்தான் பல் டாக்டர் தப்பு என்று அச்சடித்துவிட்டார்.

நாற்பத்துமூன்று பேர் இருக்கிற பழங்காசு சேகரிப்போர் சங்கத்துக்கு மீட்டர்காரர் மூத்த உறுப்பினர். பல் டாக்டர் செயலாளர். சங்கம் தொடங்கி இருபத்திரண்டு வருடம் கழித்து முதல்முறையாக, உறுப்பினர்களின் சிறந்த காசுகளைப் படத்தோடு போட்டு ஒரு புத்தகம். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. மூத்தவர் என்ற மரியாதைக்கு வியாழக்கிழமையே ஒரு பிரதி அவர் வீட்டுக்கு வந்திருந்தது. அந்த மரியாதையின் முப்பத்தேழாம் பக்கத்தில்தான் மீசைக்காசு இருந்தது.

பட்டியல்களில் அந்தக் காசுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதில் இருக்கிற ராஜாவுக்கும் பெயர் உண்டு. ஆனால் முகத்தில் பாதியை மீசையே எடுத்துக்கொண்டதால் சங்கத்தில் எல்லோருக்கும் அது மீசைக்காசு. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காயலான் கடையில் கைப்பிடிக் காசுகளோடு கிடந்ததை மீட்டர்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து, சில நாள் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. ராஜாவின் காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி விளிம்பு வரை குறுக்கே ஓடிய ஒரு கோடு. மேடான கோடு. காசடிக்கிற அச்சு வெடித்திருந்தால், வெடிப்புக்குள் உலோகம் புகுந்து இப்படி ஒரு வரப்பு எழும்பும். பிறக்கும்போதே வந்த குறி. சேகரிப்பவர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். அதே இடத்தில் பள்ளமான கோடு என்றால், பிறந்த பிறகு எவனோ எதிலோ உரசிய கீறல். அதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த காசுக்கு நகர்ந்துவிடுவார்கள். மீட்டர்காரரின் முன்னூற்றுச் சொச்சம் காசுகளில் நகராமல் நின்று பார்க்க வைத்தது இது ஒன்றுதான். அந்தக் கோட்டுக்கு மின்னல் என்று பெயர் வைத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தானே எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசற்கதவுக்கு எதிரே மாட்டியிருந்தார். அதில் மின்னல் மலைத்தொடர் மாதிரி எழுந்து நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதன் வரலாற்றைக் கேட்டாக வேண்டும்.

போனை எடுத்தார். எண்ணை அழுத்தியதில் ஏழாம் எண் உள்ளே போய் வெளியே வர மறுத்தது.

“டாக்டர், முப்பத்தேழாம் பக்கம்.”

“பார்த்தேன் அண்ணே. நான்தானே எழுதினேன்.”

“கீறலா அது?”

“படத்துல அப்படித்தான் அண்ணே தெரியுது.”

“படம் யாரு எடுத்தது? நீங்க! எதை வெச்சு? வாய்க்குள்ள விட்டுப் படம் புடிக்கிற மிஷினை வெச்சு! அந்த வளைய லைட்டைப் போட்டா மலையே மொட்டை மாடியாத்தான் தெரியும். நான் குடுத்த படத்தை ஏன் போடல?”

“எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கணும்னு கமிட்டி முடிவு அண்ணே.”

“கமிட்டின்னா யாரு? நீங்க, உங்க நாற்காலி, அதுல வாயைப் பொளந்துகிட்டுப் படுத்திருக்கிறவன். அவன் எப்படி வேணாம்னு சொல்லுவான்?”

டாக்டர் இதற்குச் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே அணைந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. அந்த மௌனம் மீட்டர்காரரை இன்னும் கிளப்பிவிட்டது. வாயில் வந்துவிட்டது.

“பல்லு புடுங்கறவனுக்கு எதைப் பார்த்தாலும் சொத்தையாத்தான் தெரியும்.”

மறுபக்கத்தில் ஏதோ ஒரு கருவி தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“சரிங்க சார்,” என்றார் டாக்டர்.

சார்! இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் சார். பன்னெண்டு மணிப் பக்கத்துலேர்ந்து வெளிச்சம் போட்டு, அந்தக் கோடு மேடுதான்னு காட்டற மாதிரி ஒரே ஒரு படம் கொண்டு வாங்க. இருநூறு புத்தகத்துலயும் நானே உக்காந்து திருத்தச் சீட்டு ஒட்டறேன். முடியலேன்னா, இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதை நாப்பத்திமூணு பேர் முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

போன் வைக்கப்பட்டது. மீட்டர்காரர் பல்லை நறநறவென்று கடித்தார். மேல்வரிசையில் வலப்பக்கம் நாலு பல்லும் டாக்டர் கட்டியவை என்பது ஞாபகம் வந்ததும், கடிப்பதை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை பறிமுதல் செய்யப்பட்டது. குளியலறையில் துணி துவைக்கும்போது உட்காருகிற குட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு நடுவில், தூக்குவதற்கென்று ஒரு ஓட்டை இருக்குமே, அதுதான் அவருடைய ஸ்டுடியோவின் உயிர்நாடி. ஸ்டூலை மேசைமேல் வைத்து, கேமராவை அதன்மேல் குப்புறப் படுக்கவைத்து, லென்ஸை ஓட்டை வழியாகக் கீழே பார்க்க விடுவார். கேமரா மகள் வாங்கிக் கொடுத்தது. பன்னிரண்டு வயது. பாட்டரிக் கதவு மூடாது, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஸ்டூலுக்கு அடியில் பழைய குடையிலிருந்து வெட்டிய கறுப்புத் துணி. அதன்மேல் ஒரு பாட்டில் மூடி. மூடிமேல் காசு, நிழல் தரையில் விழுந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பூப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால் கேமரா கிட்டப்பார்வைக்கு வரும். இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தால் கை நடுக்கம் படத்தில் ஏறாது. டாக்டர் சொன்ன பன்னிரண்டு மணிப் பக்கத்தில், அதாவது ராஜாவின் உச்சந்தலைக்கு நேர் மேலே, மேசைவிளக்கு. எதிர்ப்பக்கம் நிழல் கறுத்துப் போகாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை. அட்டையைப் பிடிக்க மனைவி.

“நான் எதுல உக்காந்து துணி துவைக்கிறது?”

“சங்கமே சரியப் போகுது, உனக்குத் துணி முக்கியமா?”

“உங்க பனியன்தாங்க அது. சங்கத்துக்கு பனியன் இல்லாம போறதுன்னா எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்ல.”

முதல் படம் எடுத்தார். சிறிய திரையில் விரித்துப் பார்த்தார். ராஜா கம்பீரமாக இருந்தார். மீசை முடி முடியாகத் தெரிந்தது. காதுக்குப் பின்னால் மின்னல், வாய்க்கால் மாதிரி உள்ளே போயிருந்தது.

“கையை ஆட்டிட்டே,” என்றார் மனைவியிடம்.

இரண்டாவது படம். வாய்க்கால். மின்விசிறியை நிறுத்தினார். வாய்க்கால். அட்டை போதுமான வெள்ளை இல்லை என்று, மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் பலகையில் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். வாய்க்கால், கொஞ்சம் பளிச்சென்று. பாட்டரியைத் திட்டினார். பல்பைத் திட்டினார். மின்னழுத்தம் குறைவு என்று தான் வேலை பார்த்த வாரியத்தையே திட்டினார். தெருவில் லாரி போனதால் மேசை அதிர்ந்தது என்று லாரிக்காரனின் ஏழு தலைமுறையை வரிசையாக நிறுத்தித் திட்டினார். அன்று மாலைக்குள் நூற்றுப்பதினாலு படம் ஆனது. வேறு யாராவது பார்த்திருந்தால், நூற்றுப்பதினாலு கீறல் என்று சொல்லியிருப்பார்கள். மீட்டர்காரருக்கு அவை நூற்றுப்பதினாலு சதி.

“தோள் விட்டுப்போச்சு எனக்கு,” என்றார் மனைவி. “இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? நகத்தால ஒரு தடவு தடவிப் பாருங்களேன். மேடுன்னா தட்டும், பள்ளம்னா விழும்.”

மீட்டர்காரர் இரண்டு கையாலும் காசைப் பொத்திக்கொண்டார். “முகத்துல நகம் வைக்கறதா? விளிம்பைத் தவிர வேற இடத்துல விரல் பட்டா அது காசே இல்ல, தெரியுமா? முப்பத்தோரு வருஷமா இந்த முகத்தை ஒரு ஈ தொட்டதில்ல!”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. பிறகு சட்டை சுற்றிய பலகையைத் தூக்கிப் பிடித்தார்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய். தூங்கினார், தூக்கத்திலும் திட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம், விளக்கின் ஒயர் தன் காலில் சுற்றுகிறது என்று மனைவி முணுமுணுத்ததால், விளக்கைத் தூக்கிக் கொஞ்ச நேரம் மேசையின் இந்தப் பக்கம் வைத்தார். ராஜாவின் கழுத்துக்குக் கீழே, ஆறு மணிப் பக்கம். திரையில் தற்செயலாகக் கண் போனது. மின்னல் எழுந்து நின்றது.

மலைத்தொடர்! வாசலில் மாட்டியிருக்கிற அதே மலைத்தொடர்! ராஜாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூக்கு மூக்காகவே, மீசை மீசையாகவே புடைத்துக்கொண்டிருந்தது. கோடு மட்டும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறியிருந்தது. பொத்தானை அழுத்தினார். அழுத்தினார். பதினேழு தடவை அழுத்தினார். “பார்றீ! பார்றீ!” என்று அவர் போட்ட கூப்பாட்டில் நாய் மூன்றாவது தெருவுக்குக் குடிபெயர்ந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். எழுந்து விளக்கை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். வாய்க்கால். இந்தப் பக்கம் வைத்தார். மலை.

“லைட்டைத் திருப்பி வெச்சா பள்ளம் மேடாயிடுமா? அப்ப என்னையும் அந்தப் பக்கமா திருப்பி உக்கார வையுங்க, இருபது வயசு குறையுதான்னு பார்ப்போம்.”

“முதல்ல வெச்சதுதான் தப்பான பக்கம். இதுதான் சரி.”

“டாக்டர் பன்னெண்டு மணிப் பக்கம்னுதானே சொன்னாரு?”

“அவன் ஆயிரம் சொல்லுவான். படத்தைப் பார்த்து லைட்டு எங்க இருந்துச்சுன்னு எவன் கண்டுபுடிக்கப் போறான்?”

சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சட்டம் போட்ட படத்தை எப்படி எடுத்தார் என்பதும் கூடவே வந்து நின்றது. திரையில் ஜன்னல் கூசுகிறதென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எடுத்தது. வெளிச்சம் தோளுக்கு மேல் வந்து ராஜாவின் கழுத்துப் பக்கமிருந்துதான் விழுந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்ப்பதும் அதே நாற்காலியில், அதே முதுகோடுதான். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருவதாகத்தான் கண் நினைத்துக்கொள்ளும். அது கீழிருந்து வந்தால் எந்த விளிம்பு மின்ன வேண்டும், எது கறுக்க வேண்டும் என்பது நாலாம் வகுப்புக் கணக்கு. முப்பத்துநாலு வருடம் எண்களோடு குடித்தனம் நடத்தியவர் அந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. போடாமல் இருக்க ஒரே வழி கோபப்படுவதுதான்.

“நீ ஒருத்தி போதும். வெளியில எதிரியே வேண்டாம். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, என் பக்கம் நின்னிருக்கியா? அட்டையை ஒழுங்கா புடிக்கத் துப்பில்ல, வந்துட்டா எனக்கு லைட்டு வைக்கச் சொல்லித்தர.”

மனைவி பலகையை மேசைமேல் போட்டார். போட்ட வேகத்தில் பாட்டில் மூடி துள்ளியது. மீட்டர்காரர் பாய்ந்து காசைப் பிடித்தார்.

“உங்க பக்கம் நிக்காமத்தான் முப்பத்தோரு வருஷமா வாயை மூடிட்டு இருந்தேனா?” என்றார் மனைவி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தையல் மிஷினுக்கு ஒரு கால் ஆடும், ஞாபகம் இருக்கா? கல்யாணச் சீசன், கை நிறைய ஜாக்கெட்டு. ஆடற காலுக்கு அடியில குடுக்க எதுவும் கிடைக்கல. நீங்க கொண்டாந்து கிண்ணத்துல போட்டு வெச்சிருந்தீங்களே, அதுலேர்ந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். மூணு நாள் மிதிச்சேன். எடுத்துப் பார்த்தா இரும்புக் கால் இழுத்து ஒரு கோடு. துடைச்சுக் கிண்ணத்துல போட்டுட்டேன். பழைய காசுதானே, யாரு கேக்கப் போறான்னு நெனச்சேன்.”

மீட்டர்காரர் கையிலிருந்த காசைப் பார்த்தார்.

“அடுத்த வாரம் நீங்க பூதக்கண்ணாடியை வெச்சுட்டு குதிச்சீங்க பாருங்க, புள்ளை பொறந்தப்பகூட அப்படிக் குதிக்கல. வெடிப்பு, வெடிப்புன்னு தெருவுல போறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனீங்க. அதைப் பார்த்துட்டு நான் எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு சுவத்துல மாட்டிட்டீங்க. இப்ப ரெண்டு நாளா அட்டை புடிக்கிறேன், துப்பில்லாதவளா நான்?”

“பொய்,” என்றார் மீட்டர்காரர்.

“சரி, பொய்.”

“என்னைத் தோக்கடிக்கணும்னு சொல்ற.”

“ஆமா. ஜாக்கெட்டு தச்சது, மிஷின் ஆடுனது, எல்லாம் நாளைக்கு நீங்க சங்கத்துல தோக்கணும்னுதான்.”

அவர் காசை அதன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்தார். யார்மேல் கோபம் என்று தெரியாமல் கோபம் நாலா பக்கமும் போய் முட்டிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது. மனைவிமேல், தையல் மிஷின்மேல், அந்தக் கல்யாணச் சீசனில் கல்யாணம் செய்துகொண்ட அத்தனை பேர்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றும் தெரியாமல் சரியாக எழுதித் தொலைத்த அந்தப் பல் டாக்டர்மேல். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“செருப்பைப் பார்த்துப் போடுங்க,” என்று பின்னால் குரல் வந்தது. திரும்பினால் தோற்ற மாதிரி ஆகும் என்று திரும்பாமல் நடந்தார்.

என்ன கேட்கப் போகிறோம், என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே மூன்று தெருவைக் கடந்தார். நாய் அவரைக் கண்டதும் எழுந்தது, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டது.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைப் பெண் தலையை நிமிர்த்தாமல் ஒன்பதாம் நம்பர் டோக்கனை நீட்டினாள்.

“நான் பல்லுக்கு வரல. டாக்டரைப் பார்க்கணும்.”

“எல்லாரும் டாக்டரைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க சார். உக்காருங்க.”

உட்கார்ந்தார். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல், குறுக்கே வெட்டி உள்ளே காட்டியபடி. எங்கே பார்த்தாலும் பள்ளம், பள்ளம் பற்றிய எச்சரிக்கை. முக்கால் மணி நேரம் ஆனது. அவருடைய கோபம் அதற்குள் இரண்டு தடவை ஆறி, இரண்டு தடவை அவரே ஊதிச் சூடு பண்ணிக்கொண்டார். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் துப்பட்டாவால் தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு மேலயா, கீழயா?” என்று கேட்டார் அந்த அம்மாள், பேசினால் வலிக்கும் என்று தெரிந்தும் ஆவல் விடாமல்.

“அதுதாங்க தெரியல,” என்றார் மீட்டர்காரர்.

ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே உட்கார அந்தச் சாய்வு நாற்காலியைத் தவிர வேறு இடம் இல்லை. நின்றுகொண்டே சண்டை போடலாம் என்றுதான் நினைத்தார். டாக்டர் கையைக் காட்டவும் பழக்க தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பெடலை மிதித்தார். நாற்காலி மெல்லச் சாய்ந்தது. கால்கள் எழும்பி எதிரே வந்தபோதுதான் வலது காலில் தன்னுடைய செருப்பும், இடது காலில் மனைவியுடைய பூப்போட்ட செருப்பும் இருப்பதை மீட்டர்காரர் பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

“கூட்டம் நாளைக்குத்தானே சார்?”

“சார்னு சொல்லாதீங்க.”

“வேற என்ன சொல்றது? பல்லு புடுங்கறவன் எப்படிக் கூப்பிடணுமோ அப்படித்தான் கூப்பிடறேன்.” டாக்டர் முகமூடியைக் கழற்றி வீசினார். அது தட்டில் விழாமல் தரையில் விழுந்தது. “எங்கப்பா செத்தப்ப முதல்ல வந்தது நீங்க. என் வாசல் மீட்டர் எரிஞ்சப்ப மழையில நின்னு மாத்தினது நீங்க. நீங்க சொல்லலாமா அதை? அதுவும் ஒரு தடவையா? போன மாசக் கூட்டத்துல, புத்தகத்துக்கு நான் எடுத்த அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டி, இந்தக் காசைவிட என் சட்டைப் பொத்தானுக்கு உயிர் ஜாஸ்தின்னீங்க. நாப்பத்திமூணு பேர் சிரிச்சான். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கல எனக்கு.”

மீட்டர்காரருக்கு அந்தப் பொத்தான் நகைச்சுவை நன்றாக ஞாபகம் இருந்தது. அதை வீட்டுக்கு வந்தும் இரண்டு தடவை சொல்லிச் சிரித்திருந்தார்.

“அந்தக் கோவத்துலதான் எழுதினேன்,” என்றார் டாக்டர். வேகம் குறைந்திருந்தது. “நிஜமா சொல்லணும்னா, வளைய லைட்டுல அது மேடா பள்ளமா எனக்கே தெரியல. ரெண்டு மாதிரியும் தெரிஞ்சுது. கீறல்னு அடிச்சுட்டேன். அடிச்ச அன்னிக்கு ஒரு திருப்தி. மறுநாளிலேர்ந்து இல்ல.”

மீட்டர்காரர் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தார். காசை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். டாக்டர் ஒரு காகிதத் துண்டை அவர் மார்பின்மேல் விரித்தார், பல் பிடுங்கும்போது விரிப்பாரே, அதே துண்டு. ராஜா அதன்மேல் மீசையோடு மல்லாந்து படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மல்லாந்திருக்க, டாக்டர் தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

விளக்கு மீட்டர்காரரின் வயிற்றுப் பக்கமிருந்து வந்தது. கோடு எழுந்து நின்றது. டாக்டர் கையைச் சுழற்றினார். விளக்கு தோளைக் கடந்து தலைப்பக்கம் போனது. கோடு படுத்துக்கொண்டது. மறுபடி கீழே வந்தது. எழுந்தது. மீட்டர்காரர் தாடையை மார்பில் அழுத்திக்கொண்டு, தன் மூச்சில் ஏறி இறங்குகிற அந்த ராஜாவைப் பார்த்தார். முகம் அசையவில்லை. எத்தனை பக்கம் போனாலும் மூக்கு மூக்காகவே இருந்தது. கோடு மட்டும் எழுந்தது, விழுந்தது, எழுந்தது.

“முகத்தை எப்படிக் காட்டினாலும் கண்ணு மேடாத்தான் எடுத்துக்கும் போல,” என்றார் டாக்டர் தனக்குத்தானே. “பழக்கம். கோட்டுக்கு அந்தப் பழக்கம் இல்ல.” பிறகு விளக்கை நிறுத்தினார். “அண்ணே.”

வியாழக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

“முப்பத்தோரு வருஷமா வெச்சிருக்கீங்க. நாப்பத்திமூணு பேர்ல ஒரு பய நீங்க படிச்சதைத் தப்புன்னு சொன்னதில்ல, நானும் கோவத்துலதான் சொன்னேன். படம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க சொல்லுங்க. மேடா, பள்ளமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதை இன்னிக்கே அடிச்சு இருநூறுலயும் ஒட்டிடறேன்.”

கதவுக்கு வெளியே பத்தாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். கன்னம் வீங்கிய அம்மாள் எழுந்திருக்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. மீட்டர்காரரின் வலது கை மெல்ல எழும்பி மார்பின்மேல் வந்தது. சுட்டுவிரல் நீண்டு, நகம் ராஜாவின் காதுக்குப் பின்னால் இறங்கியது.

“அண்ணே, விரல்! முகத்துல படுது!” என்று டாக்டர் பதறினார்.

நகம் குளிர்ந்த உலோகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. சர்ரென்று போனது. பிறகு ஓர் இடத்தில் விழுந்து நின்றது.

“ம்?” என்றார் டாக்டர். அவர் விளக்கைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியதில், அது காசைவிட்டு நகர்ந்து மீட்டர்காரரின் முகத்துக்கு வந்து நின்றது. கண் கூசியது. எதிரே எதுவும் தெரியவில்லை, வெள்ளை வட்டம் ஒன்றைத் தவிர. நகத்தை எடுக்காமலே அவர் வாயைத் திறந்தார். கட்டிய பல் நாலும் கட்டாத பல் மிச்சமும் தெரிய, வெளிச்சம் மொத்தமும் உள்ளே போய் விழுந்தது.